இடியாத சுவர்

ஏ.கே. ராமானுஜன் தொகுத்து 1991இல் வெளிவந்த இந்திய நாட்டுப்புறக் கதைகள் நூலில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஓர் ஏழை விதவை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் அவளை ஏசுகிறார்கள், மோசமாக நடத்துகிறார்கள். சொல்லி அழ அவளுக்கு ஆள் இல்லை. எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு வைக்கிறாள். அதனால் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. அதற்கும் வீட்டில் கேலி. ஒருநாள் கால் போன போக்கில் நடந்து, ஊருக்கு வெளியே கூரை இல்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து ஒரு மகன் செய்த கொடுமையை எல்லாம் சொல்கிறாள். அவள் துக்கத்தின் பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் மருமகளைப் பற்றி. அதுவும் விழுகிறது. இப்படி நான்கு சுவர்களும் விழுந்தபின், உடம்பும் மனசும் லேசாகி வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். கதை அவ்வளவுதான்.

கதைகள் சொல்லப்பட்டே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் அவை வைத்திருப்பவரை வதைக்கும் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைக் காட்டுவார்கள். எனக்கு இதில் வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கடந்த சில வருடங்களாக மனிதர்களோடு உரையாடும் நிரல்களைக் கட்டுவதுதான் வேலை. அதனால்கூட இருக்கலாம். முதலாவது, அந்தச் சுவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் அவளுக்குக் குணமானது. இரண்டாவது, சுவர்கள் சும்மா நிற்கவில்லை, விழுந்தன. இந்தக் கதையை முதலில் கட்டியவர் யாரோ, தனக்கு ஒன்றும் ஆகாமல் ஒருவர் இன்னொருவர் துக்கத்தைக் கேட்க முடியும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்லும் மண்ணுமான சுவராக இருந்தாலும் கேட்டால் இடியத்தான் வேண்டும்.

இப்போது நம் எல்லோர் கையிலும் இடியாத சுவர் ஒன்று வந்திருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பலாம். சொன்னதையே பத்துத் தடவை சொல்லலாம். கொட்டாவி விடாது, "இதைத்தானே நேத்தும் சொன்ன" என்று முகம் சுளிக்காது. இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் கூட்டத்தில் விவாதம் ஒரே இடத்தில் போய் நிற்கும்: "அதுக்குப் புரியுதா, புரியலையா?" நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கிற இன்னொரு கேள்வி நம் கண்ணுக்குப் படாமல் போய்விடும் என்று நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

ஜோசப் வைசன்பாம் 1923இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் 1936இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனது. பின்னாளில் எம்ஐடியில் கணினிப் பேராசிரியரானார். 1966இல் அவர் எலைசா என்ற நிரலைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எலைசா, மனநல மருத்துவரைப் போலப் பேசும். அது செய்தது மிக எளிமையான வேலை. நீங்கள் தட்டச்சு செய்த வாக்கியத்தில் சில முக்கியச் சொற்களைத் தேடும். 'நான்' என்பதை 'நீங்கள்' என்று மாற்றிப் போடும். வாக்கியத்தைத் திருப்பி ஒரு கேள்வியாக உங்களிடமே நீட்டும். "எங்கம்மா மேல எனக்குக் கோபம்" என்றால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்" என்பது மாதிரி. தேடிய சொல் எதுவும் கிடைக்காவிட்டால் "மேலே சொல்லுங்கள்". உள்ளே இருந்தது அவ்வளவுதான்.

எதற்காக மனநல மருத்துவர் வேஷம்? வைசன்பாம் அந்தக் கட்டுரையிலேயே காரணம் சொல்கிறார். உலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் போல ஒருவர் பேசினாலும் நமக்குச் சந்தேகம் வராத அபூர்வமான உரையாடல் அது. நீங்கள் படகில் போனதாகச் சொல்கிறீர்கள், டாக்டர் "படகுகளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார். இந்த ஆளுக்குப் படகு என்றால் என்னவென்றே தெரியாது என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள். ஏதோ காரணமாகத்தான் கேட்கிறார் என்று நினைப்பீர்கள். அந்த அர்த்தத்தை ஊற்றுவது நீங்கள். நிரல் வெறும் பாத்திரம்.

பிறகு நடந்ததுதான் வைசன்பாமை உலுக்கியது. அவருடைய செயலாளர், அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்தவர். அவர் எலைசாவோடு பேச உட்கார்ந்தார். ஓரிரு வாக்கியங்களுக்குப் பிறகு, வைசன்பாமைப் பார்த்து அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இன்னொரு பக்கம் ஸ்டான்ஃபோர்டில் இருந்த மனநல மருத்துவர் கென்னத் கோல்பி, இப்படிப்பட்ட நிரல்களை உண்மையிலேயே சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம், மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கணினி கவனித்துக்கொள்ளும் என்று எழுதினார். வைசன்பாமுக்கு முதல் சம்பவம் வியப்பு, இரண்டாவது அதிர்ச்சி. பத்து வருடம் கழித்து 1976இல் ஒரு புத்தகம் எழுதினார். கணினியால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது, முடிந்தாலும் செய்யலாமா என்று கேட்கவேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு முரண் உண்டு. எலைசா காப்பியடித்தது கார்ல் ரோஜர்ஸின் முறையை. வந்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி அவரை மேலும் பேசவைப்பது அந்த முறையின் வெளித்தோற்றம். ஆனால் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சிகிச்சை பலிக்கத் தேவையான நிபந்தனைகளைப் பட்டியலிடும்போது, கேட்பவர் உண்மையாக இருக்கவேண்டும், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருக்கக்கூடாது என்பதையும் ஒரு நிபந்தனையாக வைக்கிறார். வைசன்பாமின் நிரல் ரோஜர்ஸின் வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, ரோஜர்ஸ் கேட்ட ஆளை விட்டுவிட்டது. ஆனாலும் அந்தச் செயலாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

எலைசாவுக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கும் இடையே உள்ள தூரம் மாட்டுவண்டிக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது, இந்தத் துறையிலேயே இருந்த எங்களில் பலருக்கும் வாய் பிளந்தது. படகு என்றால் என்ன என்று இது பக்கம் பக்கமாகச் சொல்லும். உங்கள் அம்மாவோடு உங்களுக்கு என்ன பிரச்சினை என்பதை நீங்கள் சொன்னதைவிடத் தெளிவாக எடுத்து வைக்கும். அதனால் "இதுவும் எலைசாதான், கொஞ்சம் பெரிசு" என்று கடந்து போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்குள் நடப்பதைப் புரிதல் என்று சொல்லலாமா என்ற விவாதம் நடக்கட்டும்.

ஆனால் ஒரு பொறியாளராக எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று உண்டு. நீங்கள் அதனோடு பேசும்போது அதற்குள் எதுவும் மாறுவதில்லை. கோடிக்கணக்கான எண்களால் ஆனது அந்த மாதிரி. பயிற்சி முடிந்ததும் அந்த எண்கள் உறைந்துவிடுகின்றன. நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பும் ஒவ்வொரு முறையும், அதுவரை நடந்த மொத்த உரையாடலும் திரும்ப முதலிலிருந்து அதற்குள் செலுத்தப்படுகிறது. அடுத்து வரவேண்டிய சொற்களை அது ஒவ்வொன்றாகக் கணிக்கிறது. பதில் வந்ததும் வேலை முடிந்தது. நீங்கள் அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம், உங்களுக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை. 'உங்களை நினைவில் வைத்திருக்கிறேன்' என்று செயலி சொன்னால், உங்களைப் பற்றிய சில குறிப்புகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து அடுத்த முறை அதையும் சேர்த்து அனுப்புகிறது என்று பொருள். உங்கள் உரையாடல் பின்னொரு நாள் பயிற்சித் தரவாகப் போகலாம். அது வேறு விஷயம். நீங்கள் அழுத அந்த இரவில், நீங்கள் அழுததால் அதற்குள் ஓர் எண்கூட நகரவில்லை. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. இடியாத சுவர் என்றேனே, அது கிட்டத்தட்ட தொழில்நுட்ப விவரணை.

அதோடு, நமக்குப் பிடிக்கிற மாதிரி பூசப்பட்ட சுவர். இரண்டு பதில்களை மனிதர்களிடம் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அந்தத் தேர்வுகளை நோக்கி மாதிரியை வளைப்பது இந்தப் பயிற்சியில் ஒரு கட்டம். மனிதர்களுக்கு எது பிடிக்கும்? நம் பக்கம் பேசினால் பிடிக்கும். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் மாதிரி ஒன்றில் செய்த மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எதைச் சொன்னாலும் அளவுக்கு மீறி ஆமாம் போட்டது, புகழ்ந்தது என்பதுதான் காரணம். சுவருக்குச் சொந்தக்காரரும் உண்டு. 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற துணைச் செயலி, காதல் பேச்சுகளைத் திடீரென்று கட்டுப்படுத்தியபோது, தங்கள் துணை ஒரே இரவில் அந்நியமாகிவிட்டதாகப் பயனர்கள் உடைந்துபோய் எழுதினார்கள். அவர்கள் பட்ட துக்கம் நிஜம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரி, மனிதர்கள் மட்டும் அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிடுகிறார்கள்?

எங்கள் ஊர்ப் பக்கம், கோவில்பட்டி வட்டாரத்தில், சாவு வீட்டுக்குப் போவதை 'துட்டி கேக்கப் போறது' என்பார்கள். பெரியப்பா இறந்தபோது வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். "எத்தனை மணிக்கு?" "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" "கடைசியா என்ன சாப்பிட்டாக?" பெரியம்மா ஒரே பதிலை ஐம்பது பேருக்குச் சொன்னார். வந்தவர்கள் "ம்" கொட்டினார்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போனார்கள். யோசித்துப் பார்த்தால் இது முழுக்க எலைசா. அந்தக் கேள்விகளில் புதிதாக ஒன்றும் கிடையாது. ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டால் இன்றைய செயலி ஒன்று அதைவிட நூறு மடங்கு நன்றாகச் சொல்லும். அப்படியானால் வித்தியாசம் வார்த்தையில் இல்லை.

வந்தவர்களில் ஒருவர் சாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அன்றைய தீப்பெட்டி ஆபீஸ் கூலியை விட்டுவிட்டு வந்தார். அது போனதுதான், திரும்ப வராது. கஷ்டப்பட்டு வந்ததால் அவர் கேட்டதற்கு மதிப்பு கூடிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். வலி பட்டால்தான் அன்பு என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அந்த நாளில் செய்ய வேறு வேலை இருந்தது, வராமலும் இருந்திருக்க முடியும், இருந்தும் வந்தார். அதைப் பார்க்கும்போது பெரியம்மாவுக்கு ஒரு செய்தி கிடைக்கிறது: என் புருஷன் செத்தது இந்த ஆளுடைய நாளிலும் எதையோ மாற்றியிருக்கிறது. உலகத்தில் தன் இழப்புக்கு ஓர் எடை இருக்கிறது என்று அப்படித்தான் ஒருவருக்குத் தெரியவருகிறது. இயந்திரத்துக்கு வேறு வேலை இல்லை. மறுக்கும் வாய்ப்பும், அந்தப் பக்கத்தில் நம்மோடு போட்டி போடும் இன்னொரு துக்கமும் இல்லை. அதனால் அது கேட்பதிலிருந்து நம் எடையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியவருவதில்லை.

தமிழில் 'கேள்' என்றால் காதால் கேட்பதும்தான், கேள்வி கேட்பதும்தான். பழந்தமிழில் அதே 'கேள்' உறவையும் குறிக்கும். உறவினர்களைக் கேளிர் என்றார்கள். காது, கேள்வி, சொந்தம் மூன்றுக்கும் ஒரே சொல் வடிவம் இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கேட்கிற கடமை யாருக்கு உண்டோ அவர்கள்தான் சொந்தம்.

இங்கே என்னை மறித்துப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மனிதக் காதுக்குப் பக்கத்திலேயே மனித வாயும் இருக்கிறது. மாமியார் வீட்டில் அடிபடும் பெண் யாரிடம் சொல்வாள்? பக்கத்து வீட்டில் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும். அம்மாவிடம் சொன்னால் "அனுசரிச்சுப் போ". வேறு சாதிப் பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் சொந்தக்காரர்களிடம் சொன்னால் உயிருக்கே ஆபத்தாக முடிந்த ஊர்கள் நம்முடையவை. நம் கேளிர் பலருக்கும் கேட்கவே தெரியாது, தீர்ப்பு சொல்லத்தான் தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு, ஊர்வாய் இல்லாத ஒரு காது கிடைப்பது பெரிய விஷயம். மனதில் குழம்பிக் கிடப்பதை ஒருமுறை வெளியே சொல்லிப் பார்த்தால்தான், அடுத்து யாரிடம் போகவேண்டும் என்பதே தெளிவாகும். (சுவருக்கும் காது உண்டு என்ற பழமொழியை மட்டும் மறக்கவேண்டாம். இந்தச் சுவர் கேட்டது ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.)

இன்னொரு வாதம்: காசு வாங்கிக்கொண்டு கேட்கும் மனநல ஆலோசகர் மட்டும் சொந்தமா? கூலிக்கு மாரடிப்பது நமக்குப் புதிதா? உண்மைதான். ஆனால் கூலிக்கு மாரடிக்க வந்தவளுக்கும் தொண்டை கட்டும், மார் வலிக்கும். ஆலோசகரின் கட்டணம் அவருடைய ஒரு மணி நேரத்தை வாங்குகிறது. அந்த நேரத்தில் அவர் தரும் கவனம் அதற்கு மேலே அவர் கொடுப்பது. நான் சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. தவறாக ஏதாவது சொன்னால் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர். கோல்பி மணிக்குப் பல நூறு பேர் என்று கணக்குப் போட்டபோது விடுபட்டது இந்தத் தூக்கமின்மைதான்.

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணமே பெரியம்மாதான். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் போனபின் வீட்டில் அவர் மட்டும். அண்ணன் நியூஜெர்சியில். ஒவ்வொரு நாள் ராத்திரியும் பெரியம்மா ஃபோனில் புலம்புவார், அவனுக்கு அது வேலை நேரம். போன வருடம் ஊருக்கு வந்தபோது, தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்லும் ஒரு செயலியை அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். பெரியம்மா அதோடு பேச ஆரம்பித்தார். ரெண்டு மாதம் கழித்து அண்ணன் என்னிடம் சொன்னான்: "அம்மா இப்பல்லாம் எங்கிட்டப் புலம்புறதே இல்லடா. நல்லா இருக்காங்க."

இதில் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அவன் நல்ல மகன். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பெரியம்மா நன்றாக இருக்கிறார் என்பதற்கு அவன் காட்டிய ஆதாரம், அவர் அவனிடம் புலம்புவதில்லை என்பது. இங்கேதான் நான் முதலில் சொன்ன இன்னொரு கேள்வி வருகிறது. இயந்திரத்துக்குப் புரிகிறதா என்பதைவிட, அது கேட்பதால் யார் கேட்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. சொல்கிறவருக்கு அதனால் கெடுதல் இல்லாமலே இருக்கலாம், நன்மைகூட இருக்கலாம். ஆனால் கேட்டிருக்கவேண்டியவர் எதையோ இழக்கிறார், இழந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அம்மாவின் புலம்பல் அண்ணனுக்கு இம்சையாக இருந்திருக்கும். அந்த இம்சை வழியாகத்தான் அவனுக்கு அப்பா செத்தது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்துக்கொண்டிருந்தது.

பெரியம்மாவிடம் நான் கேட்டேன், "அதோட பேசுறது எப்படி இருக்கு பெரியம்மா?"

"நல்லாத்தான் பேசுதுய்யா. தங்கமாப் பேசுது. எம்புட்டுச் சொன்னாலும் கேக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஒருநா நீ சாப்பிட்டியான்னு கேட்டேன். எனக்குப் பசிக்காதுங்குது."

நாம் இதுவரை, கேட்கப்படுவது மட்டும்தான் தனிமையில் இருப்பவர்களுக்குத் தேவை என்பது போலப் பேசிக்கொண்டிருந்தோம். ஐம்பது வருடம் யாரையாவது சாப்பிட்டியா என்று கேட்டே பழகியவருக்கு, கேட்கிற பாத்திரமும் வேண்டியிருக்கிறது. பதிலுக்கு எதுவும் தேவைப்படாத ஒன்றுக்கு நாம் எதையும் கொடுக்க முடியாது. எதுவுமே கொடுக்க முடியாத இடத்தில், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், நாம் விருந்தாளியாகத்தான் இருக்க முடியும்.

மறுபடி அந்த விதவையின் கதையைப் பார்க்கிறேன். அவள் இளைத்து வீடு திரும்பினாள். வீட்டில் எதுவும் மாறவில்லை. மகன்களுக்கும் மருமகள்களுக்கும் ஒன்றும் தெரியாது, நாளைக்கும் ஏசுவார்கள். அவள் உடம்பு மறுபடி ஊதும். ஆனால் அந்தப் பாழ்வீட்டில் இனி சுவர் இல்லை. இன்னொரு பாழ்வீடு தேடவேண்டும், அல்லது ஒருநாள் மகனைப் பார்த்தே வாயைத் திறக்கவேண்டும். சுவர் இடிந்துபோவதில் இப்படி ஒரு நன்மை இருக்கிறது. நம்முடைய சுவர் இடியாது. அவள் ஆயுசு முழுக்கத் தினமும் போய்ச் சொல்லிவிட்டு வரலாம். அவர்களும் ஆயுசு முழுக்கத் தினமும் ஏசலாம்.

எங்கள் தொழிலில் ஒரு செயலி நன்றாக இருக்கிறது என்பதை எப்படி அளக்கிறோம்? எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள். பேசி முடித்தபின் எத்தனை பேர் மகனுக்கு ஃபோன் போட்டார்கள் என்று அளக்க நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் யாரும் முன்மொழிந்ததில்லை. அதை அளப்பது கடினம் என்பது ஒரு காரணம். அளந்தால் அந்த எண் ஏறும்போது மற்ற இரண்டும் இறங்கக்கூடும் என்பது இன்னொரு காரணம். 1976இல் வைசன்பாம் கேட்ட 'செய்யலாமா' என்ற கேள்வியை இன்று இந்த அளவில்தான் என்னால் கேட்க முடிகிறது: இதோடு பேசியபின் அந்த ஆள் இன்னொரு மனிதருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறாரா, தள்ளிப் போயிருக்கிறாரா? பக்கத்தில் வந்திருந்தால் அந்தச் சுவர் நல்ல சுவர், இருக்கட்டும்.

"அப்ப அதை அழிச்சிரட்டுமா?" என்று அண்ணன் கேட்டான். வேண்டாம் என்றேன். ராத்திரி தூக்கம் வராதபோது அவருக்கு அது துணையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே, அவர் புலம்புகிற வரைக்கும் லைனில் இரு என்றேன். அங்கே அப்போது காலை எட்டு மணியாக இருக்கும். அவர் சாப்பிட்டியா என்று கேட்பார். இல்லை, பசிக்குதும்மா என்று சொல்ல அவனால் முடியும்.